அரிசி டப்பாவுக்குள் கடல்

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் உட்கார்ந்து, சர்க்கியூட் போர்டுகளில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, எந்தக் காலாவது கோணிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததைச் சிவப்புக் கூடையில் போடுகிறேன். வீட்டுக்கு வந்தாலும் கண் அதையேதான் தேடும். "இத்தனை வருஷமா நான் செவப்புக் கூடைக்குப் போகாம இருக்கறதே பெருசுலா" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதெல்லாம் அவர் லாரியிலிருந்து விழுவதற்கு முன்பு.

அவர் புக்கிட் பெலண்டோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். ஒரு மழை நாளில் லாரிமேல் ஏறி வலையைக் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆப்பரேஷன் செய்தார்கள், எலும்பு கூடிவிட்டது. கைத்தடி ஊன்றிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இவர் வாசலைத் தாண்டவில்லை. காலையில் நான் ஃபேக்டரி பஸ் ஏறும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ, மாலையில் இறங்கி வரும்போதும் அதே நாற்காலி. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பார். அது உண்மைதான், சுவரில் ஒன்றும் இல்லை.

அந்தச் சுவரோரம் ஒருநாள் தொட்டி வந்தது. லாரியில் கூட ஓடிய கூட்டாளி ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, தன்னுடைய மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே நாலு கல், இரண்டு மீன், ஓர் இறால், கொஞ்சம் நத்தை. எனக்குப் பிடிக்கவேயில்லை. வீட்டில் உப்பு மூட்டை, ஈரத் துணி, பம்ப்பு சத்தம். ஆனால் இவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். பிறகு தண்ணீர் மாற்ற வாளியை அவரே நகர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொள்வது எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பதல்ல.

சிரம்பானில் உள்ள மீன்கடைக்காரரிடம் போனில் பேசி இவர் ஒரு புது மீன் வாங்கினார். கடை வேன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பு முழுக்க ஆரஞ்சுக் கோடு வளைந்து வளைந்து ஓடும், பூவேலை அச்சடித்த பாத்திக் சட்டை போட்ட மாதிரி. அதனால் பாத்திக் என்றே கூப்பிட்டோம். மற்ற மீன்கள் தீனி போட்டால் ஓடி வரும். இது வராது. நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, தன் பாட்டுக்குத் திரியும். அது துடுப்பை ஊன்றி நடப்பதைப் பார்த்து இவர் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்த மீனைப் பிடித்துப்போனது.

குறையைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு மாதம் கழித்து ஒரு மாலை, பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டியைக் குனிந்து பார்த்தேன்.

"ஏங்க, இதோட வயிறு ஒட்டிக்கிட்டு வருது. பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். சொல்லாமல் இருந்தார். கடைக்காரருக்குப் போன் போட்டார். நாம் போடுகிற தீனியை அந்த மீன் தின்னாதாம். கல்லில் ஊர்கிற பூச்சியைத்தான் தின்னுமாம், கடுகில் கால்வாசி இருக்கும் பூச்சி. அதற்குப் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டில் அது பூச்சிதான். எங்கள் தொட்டியில் இருந்த பூச்சியை எல்லாம் பாத்திக் தின்று தீர்த்துவிட்டது. இனி பட்டினிதான். போனை வைத்துவிட்டு இவர் தொட்டி முன்னால் போய் நின்றார். பிறகு, "இதுவும் போச்சுன்னா தொட்டிய மூடிடலாம்" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. மீனுக்காக அல்ல. தொட்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சுவர்தான் இருக்கும்.

மீனைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. இவர் போனில் வீடியோவாகத் தேடிப் பார்த்து வைத்திருந்தார். பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தொட்டி. அதில் கடல்பாசியும் கல்லும் போட்டு, மீன் எதையும் விடாமல் வைத்தால், தின்ன ஆள் இல்லாததால் பூச்சி பெருகும். பெருகியது தண்ணீரோடு வழிந்து பெரிய தொட்டிக்கு வரும், பாத்திக் தின்னும். தண்ணீரில் சேரும் அழுக்கைப் பாசி இழுத்துக்கொள்ளும். ரெஃபியூஜியம் என்று அதற்குப் பெயர்.

"அப்படின்னா?"

"அடைக்கலம் குடுக்கற எடம்."

"வீட்டுல ரெண்டு பேருக்கே எடம் பத்தல. இப்ப பூச்சிக்கு அடைக்கலமாக்கும்."

சொன்னேனே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை நானேதான் உட்கார்ந்து செய்தேன். இவரால் குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார், நான் செய்வேன். முதலில் ஒரு டப்பா வேண்டும். சமையலறையில் இருபது கிலோ அரிசி பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா இருந்தது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். அரிசியைப் பானைக்கு மாற்றிவிட்டு அதைக் கொண்டுவந்தேன். லுக்குட் ஹார்டுவேர் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் கனெக்டரும், ரப்பர் வாஷரும், ஒரு முழம் பைப்பும் வாங்கினேன். டப்பாவின் மேல்பக்கம், விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே ஓட்டை போடவேண்டும். அண்டை வீட்டில் டிரில் இரவல் வாங்கி நானே போட்டேன். ஓட்டை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. தொழிற்சாலையாக இருந்தால் அதைச் சிவப்புக் கூடையில் போட்டிருப்பேன்.

டப்பாவை ஓர் இரும்பு ராக்கின் மேல், பெரிய தொட்டியைவிட உயரத்தில் வைத்தோம். பெரிய தொட்டியில் இருக்கும் சின்ன பம்ப்பு தண்ணீரைக் குழாய் வழியாக டப்பாவுக்கு ஏற்றும். டப்பா நிறைந்ததும் ஓட்டை வழியாகத் தண்ணீர் தானாகக் கீழே தொட்டிக்கு வழியும். பாசி போய் ஓட்டையை அடைக்காமல் இருக்க உள்ளே ஒரு வடிகட்டி வைக்கவேண்டும். நான் தேத்தண்ணீர் வடிகட்டியை எடுத்து வந்தேன்.

"அது வேணாம். வலை கம்பில செஞ்சது" என்றார் இவர்.

"அதனால?"

"உப்புத் தண்ணியில எந்த உலோகமும் படக்கூடாதுலா. துருவும், கரையும். மீனு தாங்கினாலும் பூச்சி தாங்காது."

கம்பி வலையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் சல்லடையைக் கத்தரித்து வைத்தேன். குழாயைக் கட்ட இரும்புக் கிளிப் வாங்கி வந்திருந்தேன், அதையும் தூக்கிப் போட்டுவிட்டு நைலான் கயிற்றால் கட்டினேன். ஒரு திருகாணிகூட தண்ணீர் பக்கம் போகவில்லை. இதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பம்ப்பைப் போட்டோம். தண்ணீர் ஏறியது, நிறைந்தது, வழிந்தது. இரண்டு பேரும் கைதட்டாத குறை. "இப்ப சுவிட்ச ஆஃப் பண்ணிப் பாரு" என்றார். ஏன் என்று புரியாமல் அணைத்தேன். ஏறிய குழாய் வழியாகவே டப்பாத் தண்ணீர் அத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு இறங்கி, பெரிய தொட்டி நிரம்பி, டைல்ஸ் முழுக்க உப்புத் தண்ணீர். நான் துணியை எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுகிறேன், இவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். "தெரிஞ்சுதான் சொன்னீங்களா!" என்று ஈரத் துணியை அவர்மேல் எறிந்தேன். குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன ஓட்டை போட்டால் போதும், காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். வீடியோவில் அதுவும் இருந்திருக்கிறது. நான் துடைப்பதைப் பார்க்க வேண்டும் என்று மனிதர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

மறுவாரம் நானே சிரம்பானுக்குப் போய்க் கடைக்காரரிடம் பாசியும் பூச்சியும் வாங்கி வந்தேன். அவர் சீனர், கடையில் அவரும் அவர் மனைவியும்தான். பாசி பச்சை நைலான் நூலைச் சிக்கலாக்கிப் போட்டது போல இருந்தது. பூச்சி ஒரு பாட்டில் தண்ணீரில் வந்தது. டப்பாவில் விட்டு, மேலே ஒரு விளக்கை மாட்டி, தினமும் மாலையில் போட்டுக் காலையில் அணைத்தோம். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம், பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியும் போன் டார்ச்சுமாக டப்பா ஓரத்தைப் பார்த்தபோது, வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடின. பதினெட்டு வருடம் சின்னச் சின்ன குறைகளையே பார்த்த கண்ணுக்கு, அன்று ஒரு குறையும் இல்லாத ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது.

"இருக்குதுங்க! ஓடுது! ஏகப்பட்டது!"

இவர் கைத்தடியைக்கூட எடுக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு பாத்திக்கின் வயிறு மெல்ல மெல்ல நிறைந்தது. இவரும் பாசியைக் கத்தரிப்பது, கண்ணாடி துடைப்பது என்று நின்றுகொண்டே வேலை செய்தார். சாயங்காலம் நான் வந்ததும், அன்று பாத்திக் எந்தக் கல்லில் எத்தனை தடவை கொத்தியது என்று சொல்வார். எனக்கு அலுப்பாக இருக்கும். ஆனாலும் கேட்பேன், சந்தோஷமாகவே கேட்பேன்.

இங்கே எங்கள் வீட்டுச் சாமி மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் ஒரு சின்னச் செம்புக் குடம் இருக்கிறது, மூன்று லிட்டர் பிடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, தண்ணீர் நிரப்பி, ஓர் எலுமிச்சம்பழம் போட்டு வைப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். எடுத்த தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, கால் படக்கூடாது. முன்பு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது வேலியோரம் ஊற்றிவிடுவேன். அந்த லயம் எனக்கு ஒன்றும் சொர்க்கமல்ல, கூரை ஒழுகும், கக்கூசுக்கு வெளியே நடக்கவேண்டும். தோட்டத்தை விற்றபின் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஷ்டம். முன்னால் சிமெண்டு, பின்னால் சிமெண்டு, எங்கே பார்த்தாலும் நடக்கிற இடம். பின்சந்தில் இருந்த ஒரு பப்பாளி மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதையும் கால்வாய் போடும்போது வெட்டிவிட்டார்கள்.

கடல்மீன் தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு தங்கிவிடும், தண்ணீர் மட்டும் போகும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கே புரியும். வெள்ளிக்கிழமை காலையில் குடத்துத் தண்ணீரை, பூ இதழ்கூட விழாமல் வடிகட்டி, டப்பாவில் ஊற்றினேன். கால் படாது, வீணாகாது, உயிருள்ள இடத்தில் சேர்கிறது. இதைவிடச் சுத்தமான இடம் எது? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். இவரும் பார்த்துவிட்டு, "நல்லதுதான், இன்னிக்கு நான் ஊத்த வேணாம்" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. அடுத்த சனிக்கிழமை இறால் செத்துக் கிடந்தது. டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாசி நுனியில் வெளுத்திருந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட ஓடவில்லை.

தொழிற்சாலையில் ஒரு போர்டு கெட்டால், ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் முதல் ஏன்னிலேயே பிடித்துவிட்டேன். இவர் இடுப்பு வலிக்குத் தினமும் தைலம் தேய்த்துக்கொள்வார். பச்சைத் தைலம், வீடே மணக்கும். அதே கையைத் தொட்டியில் விட்டுக் கல்லை நகர்த்துவார்.

"ஒங்க தைலக் கைதான். வேற என்ன? கையக் கழுவினீங்களா? நல்லா சோப்பு போட்டுக் கழுவினீங்களா? ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்தீங்களா? ரெண்டு மாசம் நான் உக்காந்து செஞ்சத ஒரே கையில நாசம் பண்ணிட்டீங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் இறங்கி வந்திருப்பேன். பேசவில்லை. நான் மேலும் இரண்டு வார்த்தை சொன்னேன், அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து அவர் தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். நாற்காலியிலிருந்து எழும்போது பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. செய்த தப்புக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

மறுபடியும் பூச்சி வாங்கி விட்டோம். தங்கவில்லை. பாத்திக்கின் வயிறு மறுபடியும் ஒட்டியது. தலை மட்டும் பெரிதாகவும் உடம்பு நூலாகவும் ஆனது. கல்லைக் கொத்துவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் மணலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தைலத்தை விட்டு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மிச்சமிருந்த நத்தையும் விழுந்தது, அன்று காலையிலேயே பாத்திக்கும் போய்விட்டது. இவர் கையால் எடுத்தார். சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்று முகத்தில் காட்டிக்கொண்டு நின்றேன், அது சொல்வதைவிட மோசம்.

புதைக்கவும் எங்கள் வீட்டில் மண் இல்லை. பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் நான் கடையில் வாங்கி வந்த மண்ணைக் கொட்டி, அதற்குள் வைத்து மூடினார். தொட்டியை எப்போது காலி செய்வார் என்று நான் காத்திருந்தேன். மூடிவிடலாம் என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. திங்கள் வேலைக்குப் போகும்போது, திரும்பி வந்தால் தொட்டி இருக்காது, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாலையில் தொட்டி இருந்தது. செவ்வாயும் இருந்தது. புதன்கிழமை வந்து பார்த்தால் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தார், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார், தொட்டிக்குள் கரி போட்ட கறுப்புப் பை ஒன்று புதிதாகத் தொங்கியது.

வியாழக்கிழமை அந்தப் பெயிண்ட் வாளியில் ஒரு செம்பருத்திக் குச்சி நட்டிருந்தது. வாசலில் யாரும் மிதிக்காத மூலையாகப் பார்த்து வைத்திருந்தார்.

"இனிமே சாமித் தண்ணிய இதுல ஊத்து. பாத்திக்குக்குப் போவட்டும்" என்றார்.

செத்த மீனுக்குச் சாமித் தண்ணீர் கேட்கிற மனிதரை என்ன சொல்ல? சரி என்றேன். அடுத்த நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் குடத்துத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினேன். குச்சி துளிர்த்தது, இலை விட்டது. தொட்டியும் மெல்லத் தெளிந்தது. இவர் புதுப் பாசி போட்டார், புதுப் பூச்சி விட்டார், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினார். மீன் மட்டும் வாங்கவில்லை. எப்போது வாங்குவீர்கள் என்று கேட்டால், "ஆவட்டும்" என்பார்.

ஐந்து மாதம் கழித்து, ஷிப்ட் சீக்கிரம் முடிந்த ஒரு நாள், அவரிடம் சொல்லாமல் சிரம்பானுக்குப் போனேன். டப்பா ஓரத்தில் பூச்சி மறுபடி ஓட ஆரம்பித்ததை நான் பார்த்திருந்தேன். இன்னொரு பாத்திக்கை வாங்கிக்கொண்டு போய் முன்னால் வைத்து, நடந்ததை மறந்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். பெருந்தன்மையாக அவரை மன்னிக்கப் போகிறேன் என்று ஒரு மிதப்பும் இருந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மீன் வேண்டும் என்றதும் தலையாட்டினார். அவர் பேசியது பாசார் மலாய், கடைத்தெருவில் பேசுகிற மலாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

"முதல்ல தண்ணி கொண்டு வாங்க, பார்த்துட்டுத்தான் தருவேன். தெம்பாகா சுத்தமா போயிடுச்சான்னு தெரியணும்."

தெம்பாகா என்றால் செம்பு. "எந்தச் செம்பு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுச் சாமிக் குடம்தான். அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ரெண்டு பாட்டில் தண்ணி கொண்டு வந்தாரே. ஒண்ணு தொட்டித் தண்ணி, ஒண்ணு குடத்துத் தண்ணி. ரெண்டுலயும் மருந்து விட்டுப் பார்த்தேன். குடத்துத் தண்ணி கலர் அப்படி ஏறுச்சு. எலுமிச்சம்பழம் வேற போட்டு ஒரு வாரம் வச்சா செம்பு கரையாம என்ன செய்யும்? மீனுக்குப் புழு வந்தா செம்பு மருந்துதான் நாங்க போடுவோம். மீனு தாங்கும். நத்தை, இறால், பூச்சி எல்லாம் போயிடும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். தைலத்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகியும் சனிக்கிழமை சனிக்கிழமை நத்தை விழுகிறதே, வெள்ளிக்கிழமை அப்படி என்ன நடக்கிறது என்று இவர் யோசித்தாராம். நாள் முழுக்கத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்குத் தெரியாதா? வாடகைக் கார் பிடித்துத் தனியாகவே வந்தாராம். கைத்தடி ஒரு கையில், பாட்டில் பை ஒரு கையில். கடைப்படி உயரம் என்பதால் கடைக்காரர் மனைவி பிடித்து ஏற்றிவிட்டாராம்.

விழுந்ததற்குப் பிறகு என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான். அது எனக்குத் தெரியவே தெரியாது.

கடையை விட்டு வெளியே வந்து, பக்கத்து மருந்துக் கடையில் பச்சைத் தைலம் ஒரு பெரிய பாட்டில் வாங்கினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் வடிகட்டியின் கம்பி வலையைக்கூடத் தூக்கிப் போட்டவள் நான். இரும்புக் கிளிப்பை வீசி எறிந்தவள், திருகாணி பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டவள். குடம் தொட்டியில் படவில்லை, குடத்துத் தண்ணீர்தானே பட்டது என்று இருந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை, தெரியாமல் செய்தது. தெரியாமலேயே இன்னொருவர் தலையில் போட்டேனே, அதுதான் நெஞ்சை அறுத்தது. ஐந்து மாதம் அவர் வலியோடு எழுந்தார், உட்கார்ந்தார். தைலத்தை மறுபடி தேய்த்திருந்தால், அப்படியானால் மீன் எதனால் செத்தது என்று நான் கேட்டிருப்பேன். கேட்கக்கூடாது என்றுதான் அவர் தேய்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை அவர் மடியில் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"மீன்கடைக்குப் போனியா?"

"போனேன்."

"அந்தக் கடைத் தவுக்கே வாய் சும்மா இருக்காதுலா" என்றார்.

"நான்தானே கொன்னேன். ஏன் சொல்லல?"

"நீ சாமிக்கு வச்ச தண்ணி. அதப் போயி வெசம்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் அழுதேன். பெரிதாக அழுகிற ஆள் இல்லை நான். அன்று அடக்க முடியவில்லை. அவர் சட்டையை விலக்கச் சொல்லி, இடுப்பில் தைலத்தை ஊற்றித் தேய்த்தேன். ஆப்பரேஷனில் எலும்புக்குத் தட்டு வைத்த இடம் மேடாகக் கையில் தட்டுப்பட்டது. அவர் மூச்சை இழுத்துவிட்டார், கண்ணை மூடிக்கொண்டார். தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"பாத்திக் போனா தொட்டிய மூடிடுவேன்னு சொன்னீங்களே. ஏன் மூடல?"

கண்ணைத் திறந்து தொட்டியைப் பார்த்தார்.

"மூடியிருப்பேன். ஆனா என்னைக்காச்சும் ஒனக்குத் தெரிஞ்சிரும். தெரியற அன்னிக்கு இங்க வெறுஞ்சுவருதான் இருந்துச்சுன்னா, நீ அதையே பாத்துக்கிட்டு உக்காந்துருவ. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து, டார்ச்சை எடுத்து, டப்பாவின் ஓரத்தில் அடித்தார். "வந்து பாரு" என்றார். நான் எழுந்து ஓடினேன்.

"கை, கை! தைலக் கை!" என்று கத்தினார்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று குனிந்து பார்த்தேன். பூதக்கண்ணாடியை அவரே என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பச்சைப் பாசிக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. கண்ணில் தண்ணீர் நின்றதால் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.